ஏடும் நாணயமும்: சுவாசி மக்களின் வரலாறு

உலகெங்கும் பரந்து வாழும் இறைமக்களைத் திங்கள்தோறும் ஒருவர்பின் ஒருவராக இப்பகுதியில் கண்டு வருகின்றோம். இம்முறை ஆப்பிரிக்காக் கண்டத்தின் தெற்கே செல்வோம். மூன்று புறமும் தென்னாப்பிரிக்காவும், கிழக்கே மொசாம்பிக்கும் சூழ்ந்து நிற்க, கடற்கரை என்பதே இல்லாத சிறு நாடு ஒன்று அங்கே உள்ளது. பள்ளிப் பாடத்தில் 'சுவாசிலாந்து' என்று நாம் படித்த நாடு அதுவே. விடுதலையின் பொன்விழா ஆண்டாகிய 2018இல் அதன் அரசர் மூன்றாம் ம்ஸ்வாத்தி, பாதி தாய்மொழியும் பாதி ஆங்கிலமுமாய் இருந்த அப்பெயரை நீக்கி, 'எஸ்வாத்தினி' என்று பெயர் சூட்டினார். சுவாசிகளின் இடம் என்பது அதன் பொருள். பரப்பளவு 17,364 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை பன்னிரண்டு இலட்சத்தை ஒட்டியது. மேற்கே குளிர்ந்த மலைநாடு. அங்கிருந்து படிப்படியாகத் தாழ்ந்து, கிழக்கே வெப்பம் மிகுந்த தாழ்நிலமாகி, லுபோம்போ மலைத்தொடரில் மீண்டும் உயர்ந்து முடிகிறது.

இத்துணைச் சிறிய நாட்டைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும் என்று வாசகர் வினவலாம். தந்தை பிழைப்புக்காக எல்லை கடந்து போய்விட, தாயும் பாட்டியும் பிள்ளைகளை வளர்த்து விசுவாசத்தையும் காத்த குடும்பங்கள் அங்கே நூறாண்டுகளுக்கு மேலாக உள்ளன. அக்குடும்பங்களின் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

சுவாசி மக்கள் ங்கூனி எனப்படும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஜூலு மக்களுக்கு நெருங்கிய உறவினர். த்லாமினி என்னும் குலத்தினர் பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து மலை கடந்து இந்நிலத்தில் குடியேறி, முன்பே அங்கு வாழ்ந்தோரைச் சிலரைப் போரிலும் சிலரை மண உறவிலும் தம்மோடு இணைத்துக் கொண்டனர். அக்குலத்துத் தலைவர்களுள் ங்வானே என்பவர் புகழ் பெற்றவர். இன்றும் சுவாசிகள் தம்மை ங்வானேயின் மக்கள் என்று அழைத்துக் கொள்வதுண்டு. அவருக்குப் பின் வந்த முதலாம் சோபுசா, சோம்லோலோ என்னும் பெயராலும் அறியப்படுபவர், வலிமை மிக்க அண்டைத் தலைவராகிய ஸ்விடேயிடம் நிலத்துக்காகப் போரிட்டு நிற்க இயலாமல், தம் மக்களுடன் வடக்கே நகர்ந்தார். பின்னர் அந்த ஸ்விடேயின் மகளையே மணந்து பகையைத் தணித்துக் கொண்டார். அம்மணத்தில் பிறந்த ம்ஸ்வாத்தியே அடுத்த அரசர். சுவாசி என்னும் இனப்பெயர் அவர் பெயரிலிருந்து பிறந்ததாகும். அரசருக்கு 'சிங்கம்' என்றும், அரசரின் தாய்க்குப் 'பெண் யானை' என்றும் பட்டம். இருவரும் சேர்ந்தே ஆள்கின்றனர் என்பது இம்மக்களின் முறை. தாய் வெறும் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவர் அல்லர் என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

சோம்லோலோவைப் பற்றிச் சுவாசிக் குழந்தைகள் யாவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. அவர் ஓர் இரவு கனவு கண்டார். வெண்ணிற மேனியும், மாட்டின் வால்மயிரைப் போன்ற தலைமுடியும் கொண்ட அந்நியர் நாட்டுக்குள் வருகின்றனர். அவர்களிடம் இரண்டு பொருள்கள் உள்ளன: ஒன்று ஏடு, மற்றொன்று வட்டமான நாணயம். ஏட்டை ஏற்றுக்கொள், நாணயத்தை விட்டு விலகு, அவர்களுடைய இரத்தத்தைச் சிந்தாதே என்று கனவில் அவருக்கு உணர்த்தப்பட்டது. அதுவரை அந்நாட்டவர் வெள்ளையரையோ நூலையோ பணத்தையோ கண்டதில்லை என்று மரபு கூறுகிறது. சோம்லோலோ 1830களின் இறுதியில் காலமானார். இச்செய்தி எழுத்தில் ஏறியது அவருக்கு நெடுநாள் பின்னரே. ஆகவே, பின்வந்தோரின் அனுபவம் அதனுள் கலந்திருக்கக் கூடும் என்று எண்ண இடமுண்டு. கனவில் வழிகாட்டப் பெற்ற யோசேப்பைப் பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலும் அறிந்துள்ள நமக்கு அச்செய்தியின் வடிவம் புதிதன்று. சுவாசி மக்களுக்கோ, தங்கள் நாடு நற்செய்தியை யாரும் திணிப்பதற்கு முன்பே எதிர்நோக்கியிருந்தது என்பதற்கு அது சான்று. எல்லாச் சபையினரும் இன்றும் அதை மேடைகளில் எடுத்துரைக்கின்றனர்.

ஏடு வந்த வரலாறு இன்பமாகத் தொடங்கித் துன்பமாக மாறிற்று. தந்தையின் கனவை நினைவிற் கொண்ட ம்ஸ்வாத்தி வேதபோதகர்களை வேண்டி ஆள் அனுப்பினார். 1844இல் நம் பிரிந்த சகோதரர்களாகிய வெஸ்லியன் மெதடிஸ்டு சபையினர், ஜேம்ஸ் அலிசன் என்பவரின் தலைமையில், தெற்கெல்லையிலுள்ள மஹாம்பாவில் ஒரு நிலையத்தை அமைத்தனர். பள்ளி தொடங்கியது, மக்கள் வந்தனர். ஆனால் இரண்டே ஆண்டில் அரச குடும்பத்தில் பூசல் மூண்டது. அரசரின் மாற்றாந்தாய்ச் சகோதரரான மலாம்புலே கிளர்ச்சி செய்து நிலையத்தின் அருகே வந்து தங்க, அரசரின் படை அவரைத் தொடர்ந்து வந்து தாக்கிற்று. அண்ணன் தம்பி சண்டையின் நடுவே ஆலயம் அகப்பட்டுக் கொண்டது. அலிசன் நிலையத்தைக் கைவிட்டார். ஏறத்தாழ ஆயிரம் சுவாசிகள் அவருடன் புறப்பட்டு, தெற்கே ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த நேட்டாலுக்குப் புலம் பெயர்ந்தனர்.

சுவாசிக் கிறிஸ்தவர்களின் முதற்கூட்டம் இவ்வாறு அகதிக் கூட்டமாகவே தோன்றிற்று. முதலில் இந்தலேனி என்னுமிடத்தில் தங்கினர். பின்னர், 1851இல், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கு அருகே ஒரு பண்ணையைத் தம் சொந்தப் பணத்தைத் திரட்டி விலைக்கு வாங்கி, எடெண்டேல் என்னும் ஊரை நிறுவினர். சுவாசிகள் மட்டுமன்றி, அலிசன் முன்பு பணியாற்றிய இடங்களிலிருந்து வந்த வேறு இனத்தவரும் அங்கே குடியேறினர். நிலத்தை அளந்து பங்கிட்டு, செங்கல் வீடு கட்டி, வண்டி ஓட்டி வாணிபம் செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். குலத்தலைவர் இல்லாத ஊர். ஒருவர்க்கொருவர் உறவில்லாதவர் விசுவாசம் ஒன்றையே உறவாகக் கொண்ட ஊர். 1912இல் தென்னாப்பிரிக்க ஆப்பிரிக்கர்களின் தேசிய காங்கிரசு தோன்றிய கூட்டத்தில் கலந்து கொண்ட செல்பி ம்சிமாங் இவ்வூரில் பிறந்தவரே. (எடெண்டேல் தோன்றி ஒன்பது ஆண்டுகளில், 1860 நவம்பரில், சென்னைத் துறையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கு நம் மக்களை ஏற்றிக்கொண்டு டர்பன் வந்தடைந்தது. நேட்டால் மண்ணில் புலம் பெயர்ந்தோர் பலர் பல திசைகளிலிருந்து சந்தித்தனர்.)

மஹாம்பா மறக்கப்படவில்லை. 1880களில் எடெண்டேலிலிருந்து டேனியல் ம்சிமாங் என்னும் ஆப்பிரிக்க போதகர் திரும்பிச் சென்று, முன்னோர் விட்டு வந்த நிலையத்தை மீண்டும் தொடங்கினார். அங்கே 1912இல் எழுப்பப்பட்ட கற்கோவில் இன்றும் நிற்கிறது. வெள்ளையர் விட்டுச் சென்ற பணியைச் சுவாசி அகதிகளின் ஊரே திரும்பக் கொண்டு வந்து சேர்த்தது.

இதற்கிடையில், கனவு எச்சரித்த மற்றப் பொருளும் வந்து சேர்ந்தது. 1875 முதல் 1889 வரை ஆண்ட ம்பன்சேனியின் காலத்தில் பொன்னையும் மேய்ச்சல் நிலத்தையும் தேடி வெள்ளையர் திரளாக வந்தனர். எழுதப் படிக்க அறியாத அரசரிடம் பத்திரங்களை நீட்டிக் குறி வாங்கினர். நிலத்துக்கு ஒரு சலுகை, அதே நிலத்தின் கீழுள்ள கனிமத்துக்கு மற்றொரு சலுகை, அதன்மேல் முளைக்கும் புல்லுக்கு வேறொருவருக்குச் சலுகை என்று நாட்டின் பரப்பைவிட மிகுதியாகவே உரிமைகள் வழங்கப்பட்டன. அச்சகம் வைக்கவும், ஏலம் விடவும், வரி வசூலிக்கவுங்கூடத் தனியுரிமை எழுதித் தரப்பட்டது. அரசர் நிலத்தை விற்றதாக எண்ணவில்லை. சுவாசி வழக்கப்படி பயன்படுத்தும் உரிமையை இரவல் தந்ததாகவே கருதினார். ஆங்கிலச் சட்டமோ பத்திரத்தைத்தான் பார்த்தது.

போயர் போருக்குப் பின்னர் நாடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1907இல் வெளியான ஆணையின்படி நிலம் அளந்து பிரிக்கப்பட்டது. சுவாசிகளுக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதுவும் துண்டு துண்டாக. எஞ்சியது சலுகைக்காரர்களுக்கும் அரசுக்கும் உரியதாயிற்று. தம் பாட்டனார் புதைக்கப்பட்ட இடத்திலேயே வாழ்ந்து வந்த குடும்பங்கள் ஒரு நாள் விழித்தபோது பிறர் நிலத்தில் குடியிருப்போராகிவிட்டனர். 1914 ஜூலை முதல் நாளுக்குள் அவர்கள் வெளியேற வேண்டும். அல்லது நிலச்சொந்தக்காரருக்கு உழைத்துத் தர உடன்பட வேண்டும்.

அக்காலத்தில் சுவாசிகளை ஆண்டவர் ஒரு மூதாட்டி. ம்பன்சேனியின் மனைவியாகிய லபோட்சிபேனி, தம் மகன் 1899இல் திடீரென மறைந்தபோது, கைக்குழந்தையாயிருந்த பேரன் சோபுசாவின் பெயரால் ஆட்சியை ஏற்று 1921 வரை நடத்தினார். எழுத்தறியாதவர், ஆனால் ஆங்கில அதிகாரிகள் அஞ்சி மதித்த அறிவுடையவர். வெள்ளையரின் வல்லமை நூலிலும் பணத்திலும் உள்ளது, இரண்டையும் நாம் கற்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. மாமனாரின் தந்தை கண்ட கனவு நாணயத்தை விலக்கச் சொன்னது. இழந்த நிலத்தைத் திரும்ப வாங்க நாணயமன்றி வேறு வழியில்லை என்பதை இவர் கண்டார். ஆகவே பேரனைப் பள்ளிக்கு அனுப்பினார்; சோம்போடேயில் பள்ளி எழுந்தது; சோபுசா பின்னர் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் கல்விக்கூடம் வரை சென்று பயின்றார். ஜோகன்னஸ்பர்க்கில் 1912இல் தொடங்கிய 'அபாண்டு-பாதோ' என்னும் ஆப்பிரிக்கர்களின் செய்தித்தாளுக்குப் பணம் தந்து உதவியவரும் இம்மூதாட்டியே. இளைஞர்கள் சுரங்கத்துக்குச் சென்று பொருளீட்டி, நிலம் மீட்கும் நிதிக்குக் கொடுக்க வேண்டுமென்றும் பணித்தார்.

பேரன் சோபுசா பட்டத்துக்கு வந்ததும் 1922இல் தூதுக்குழுவுடன் இலண்டன் சென்று முறையிட்டார். வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று, 1926இல் தோற்றது. அதன் பின்னர் விலை கொடுத்து வாங்குவதே வழியாயிற்று. சிறிது சிறிதாக, பல பத்தாண்டுகளில், நாட்டில் பாதிக்கு மேற்பட்ட நிலம் சுவாசிகளிடம் திரும்பியது. அவ்விலையில் பெரும்பங்கு சுரங்கத்து வியர்வை என்பதை நாம் மறக்கலாகாது.

அச்சுரங்கங்கள் யாவை? 1886இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் மேட்டில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பூமிக்கடியில் வெகு ஆழம் இறங்கிப் பாறையை உடைக்க இலட்சக்கணக்கான ஆட்கள் தேவைப்பட்டனர். சுவாசி நாட்டில் குடிசை வரி விதிக்கப்பட்டது. வரியைப் பணமாகவே கட்ட வேண்டும். பணம் சுரங்கத்தில்தான் கிடைக்கும். ஆள்சேர்க்கும் முகவர் கிராமந்தோறும் வந்தனர். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த இளைஞன், முன்பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டுப் பல மாதங்கள் போய்விடுவான். திரும்பி வருவான், உழுவான், மீண்டும் போவான். திருமணத்துக்கு மணமகளின் குடும்பத்துக்குக் கால்நடை தர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். முன்பு தந்தையின் தொழுவத்திலிருந்து வந்த அந்த மாடுகள் இப்போது சுரங்கக் கூலியிலிருந்து வந்தன. ஆகவே, மணம் முடிப்பதற்காகவே ஊரைவிட்டுப் போனவன், மணம் முடித்தபின் மனைவியை விட்டுப் போக வேண்டியவனானான்.

சுரங்கத் தொழிலாளர் தங்கியது சுற்றுச்சுவர் எழுப்பிய ஆண்கள் குடியிருப்புகளில். மனைவி மக்களை அங்கே அழைத்து வர இயலாது. இனவொதுக்கல் சட்டங்கள் அதற்கு இடந்தரவில்லை. தொழிலாளி தனி மனிதன், அவன் குடும்பம் வேறெங்கோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்னும் கணக்கின் மேல்தான் அக்கூலி நிர்ணயிக்கப்பட்டது. குடும்பத்தை உடைத்து இலாபம் ஈட்டிய அமைப்பு அது என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. சிலர் நகரத்திலேயே வேறொரு குடும்பம் அமைத்துக் கொண்டனர். சிலர் கடிதமும் பணமும் தவறாமல் அனுப்பினர். சிலரைப் பற்றிச் செய்தியே வரவில்லை.

ஊரில் எஞ்சியோர் பெண்கள். சோளம் விதைத்தவரும், மாடு பார்த்தவரும், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லித் தந்தவரும் அவர்களே. தென்னாப்பிரிக்கப் பகுதி முழுவதும் கிறிஸ்தவப் பெண்களின் செபக்குழுக்கள் வளர்ந்தோங்கியதற்கு இது ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. மெதடிஸ்டுப் பெண்கள் சிவப்பு மேற்சட்டை அணிந்து வியாழன்தோறும் கூடுவர். கத்தோலிக்கப் பெண்களுக்குப் புனித அன்னம்மாள் சபை உண்டு, அதன் உறுப்பினர் ஊதா நிறத் தோளாடை அணிவர். அக்கூட்டங்களில் செபம் மட்டுமா நடக்கும்? யார் வீட்டில் சாவு, யாருக்குப் பள்ளிக் கட்டணம் இல்லை, யாருடைய கணவன் நோயோடு திரும்பினான் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். கையிலிருப்பதைத் திரட்டி உதவியும் போகும்.

கத்தோலிக்கத் திருச்சபை சுவாசி நாட்டுக்கு வந்த ஆண்டைக் கவனியுங்கள்: 1914. நிலத்தைவிட்டு மக்கள் வெளியேறக் கெடு விதிக்கப்பட்ட அதே ஆண்டு. அதற்கு முன்னோடியாக நின்றவர் பிரான்ஸ் மாயர் என்னும் குருவானவர். ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில் பிறந்து, 1890இல் நேட்டாலுக்கு வந்து, ஜூலு மொழியை முற்றக் கற்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஆப்பிரிக்கக் கத்தோலிக்கருக்காகப் பல்லாண்டு உழைத்தவர். ஜூலு மக்களின் இசையை ஆராய்ந்து எழுதியவர். அவர் எடுத்த புகைப்படங்கள் அக்கால வாழ்வுக்கு இன்றும் சாட்சியாக உள்ளன. மரியன்னையின் ஊழியர் சபைக் குருக்கள், அவர்களும் டிரோலைச் சேர்ந்தவர்களே, சுவாசி நாட்டில் பணி தொடங்க முன்வந்தபோது, மொழியும் மக்களும் அறிந்த மாயர் அவர்களுக்கு வழிகாட்டியாகச் சென்றார். ம்பபானேயில் முதல் நிலையம் அமைந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அருட்தந்தை மாயர் கொலையுண்டு இறந்தார். வயது ஐம்பதுகூட நிரம்பவில்லை. அவ்வாண்டு ஐரோப்பாவிலும் போர் மூண்டிருந்தது. ஆஸ்திரியக் குடிகளான அக்குருக்கள் ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் பகைநாட்டவராய்க் கருதப்பட்டனர். இவ்வளவு இடையூறுகளோடு தொடங்கிய பணி நிலைத்ததே வியப்பு.

ஊழியர் சபை வியாகுல மாதாவைத் தனிப்பெரும் பக்தியோடு வணங்குவது. எனவே ம்பபானேயில் அவர்கள் எழுப்பிய பள்ளிக்கும் வியாகுல மாதாவின் பெயரே வாய்த்தது. 1923இல் தனி மறைபரப்பு ஆளுகைப் பகுதி, 1951இல் மறைமாவட்டம் என வளர்ந்து, இன்று நாடு முழுவதும் மன்சினி என்னும் ஒரே மறைமாவட்டமாக உள்ளது. கத்தோலிக்கர் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். இருபது பேரில் ஒருவர் அளவே. ஆயினும் பள்ளிகளாலும் மருத்துவமனைகளாலும் அறியப்பட்டவர்கள். சித்தேக்கியில் உள்ள நல்ல மேய்ப்பர் மருத்துவமனைக்குக் கிழக்குப் பகுதி மக்கள் சபை வேறுபாடின்றி வருகின்றனர்.

மறைநூலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏட்டை ஏற்றுக்கொள் என்று கனவில் பணிக்கப்பட்ட மக்கள், அவ்வேட்டைத் தம் மொழியில் படிக்க நூற்றைம்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஜூலு மொழியில் 1883இலேயே முழு விவிலியம் வந்துவிட்டதால், உறவு மொழிதானே என்று சுவாசிகளுக்கும் அதையே தந்தனர். பள்ளியிலும் ஜூலு, கோவிலிலும் ஜூலு. விடுதலைக்குப் பின்னரே சிஸ்வாத்தி பாடமொழியாயிற்று; முழு விவிலியம் அம்மொழியில் வெளிவந்தது 1996இல். வேதத்தைத் தாய்மொழியில் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் அருமை எளிதில் புலப்படாது.

பெருந்தொகையான சுவாசிகள் சேர்ந்தது சீயோன் சபைகள் எனப்படும் ஆப்பிரிக்கத் தனிச் சபைகளில். எல்லைக்கு அப்பால் வாக்கர்ஸ்ட்ரூம் என்னும் ஊரில் 1904இல் நடந்த திருமுழுக்கிலிருந்து அவ்வியக்கம் பரவிற்று. வெண்ணிற அங்கி, வண்ணக் கயிறுகள், கையில் கோல், செபத்தால் நோய் தீர்த்தல் ஆகியன அவர்களுடைய அடையாளங்கள். பெரிய வெள்ளியன்று அவர்கள் அரச ஊராகிய லோபாம்பாவில் ஆயிரக்கணக்கில் கூடுவது நாட்டின் பெருநிகழ்ச்சிகளுள் ஒன்று. அவர்கள் முன்னோரை மதிப்பதையும் மனைவியர் பலரை ஏற்பதையும் பிற சபையினர் குறை கூறினர். ஆனால் அவர்கள் மக்களின் மொழியில், மக்களின் நோய்க்கு அருகே நின்றனர் என்பதை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பலதார மணத்தைக் குறிப்பிட்டோம். அங்கே திருச்சபைக்கு இது சிறிய சிக்கல் அன்று. நாட்டின் அரசரே பல மனைவியரை மணப்பது, குலங்களையெல்லாம் அரச வீட்டோடு பிணைக்கும் முறை. இரண்டாம் சோபுசாவுக்கு எழுபதுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்தனர். அவர் எந்தச் சபையிலும் சேரவில்லை. எல்லாச் சபைகளுக்கும் நிலமும் ஆதரவும் தந்தார். திருமுழுக்குப் பெற்ற கணவன் இரண்டாம் மனைவியைக் கொண்டுவந்தால் முதல் மனைவி என் செய்வாள்? குற்றம் இழைக்காத அவள் பங்கில் தலைகுனிந்து நின்ற காலம் உண்டு. பின்னாளில் வந்த இரண்டாம் மனைவி திருமுழுக்குக் கேட்டு வந்தால், அவளையும் அவள் பிள்ளைகளையும் எங்கே அனுப்புவது? சட்டத்தைச் சொல்வது எளிது. 1988 செப்டம்பர் 16 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்நாட்டுக்கு வந்து, சோம்லோலோவின் பெயர் தாங்கிய விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றியபோது, கிறிஸ்தவத் திருமணத்தின் ஒருமையையும் பிரமாணிக்கத்தையும் பற்றியே எடுத்துரைத்தார். அரசர் அப்போது இருபது வயது இளைஞர்.

எல்லைக் கோட்டைப் பற்றியும் கூறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் வரைந்த எல்லை, சுவாசி மக்களை இரு கூறாக்கிவிட்டது. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி தென்னாப்பிரிக்காவில் சிஸ்வாத்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் பன்னிரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேற்பட்டோர்; அரசரின் நாட்டில் உள்ளவர்களைவிட இது மிகுதி. 1982இல் இனவொதுக்கல் அரசு, காங்வானே, இங்வாவூமா என்னும் இரு பகுதிகளை மக்களோடு சேர்த்துச் சுவாசிலாந்துக்குக் கொடுத்துவிட முனைந்தது. உறவினரை ஒன்று சேர்க்கும் நற்செயல் போல இது தோன்றலாம். உண்மையில் அம்மக்களின் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையைப் பறிக்கும் சூழ்ச்சி. அப்பகுதி மக்களே எதிர்த்து நின்றதால் திட்டம் கைவிடப்பட்டது.

புலம் பெயர்ந்தோரின் நாடு புலம் பெயர்ந்து வந்தோருக்கும் புகலிடமாயிற்று. 1976இல் சொவெட்டோ மாணவர் கிளர்ச்சிக்குப் பின் தென்னாப்பிரிக்க இளைஞர் பலர் எல்லை தாண்டி வந்தனர். மொசாம்பிக் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய குடும்பங்கள் தொடர்ந்து வந்தன. அவ்வேளையில் மன்சினியின் ஆயராக இருந்தவர் மண்டலென்கோசி ஸ்வானே. சுவாசி மண்ணின் மைந்தரான முதல் ஆயர். 1976இல் அப்பொறுப்பை ஏற்றவர். அகதிகளுக்காகவும் ஏழைகளுக்காகவும் அஞ்சாது குரல் எழுப்பியவர் என்று இன்றும் போற்றப்படுகிறார். 1980 ஆகஸ்டில் சாலை விபத்தில் அவர் உயிரிழந்தது அம்மறைமாவட்டத்துக்குப் பேரிழப்பு. 2013இல் ஆயராக நியமிக்கப்பட்ட ஹோசே லூயிஸ் போன்சே தெ லெயோன் அர்ஜென்டினா நாட்டவர்; அதற்கு முன் எல்லைக்கு அப்பால் அதே இங்வாவூமாவில் ஆயர் பணியாற்றியவர். 2021இல் அரசியல் சீர்திருத்தம் கோரி நாட்டில் கிளர்ச்சி மூண்டு பலர் உயிரிழந்தபோது, அவரும் பிற சபைத் தலைவர்களும் உரையாடல் ஒன்றே வழி என்று அரசை வலியுறுத்தினர். அரசியல் கட்சிகள் 1973 முதல் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ள முடியாட்சியில் அது எளிய சொல் அன்று.

இனி நோயைப் பற்றி. சுரங்கத்திலிருந்து ஆண்கள் கொண்டு வந்தது கூலி மட்டுமன்று. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் தீரா நோயாகும். அதன் மேல் காசநோய் எளிதில் பற்றும். 1980களின் இறுதியிலிருந்து எய்ட்ஸ் பரவிற்று. மாதக்கணக்கில் பிரிந்து வாழும் கணவன் மனைவியர் நிறைந்த நாட்டில் அது காட்டுத்தீயாயிற்று. வயது வந்தோரில் நால்வருக்கு ஒருவர் என்னும் அளவுக்குக் கிருமித் தொற்று உயர்ந்து, உலகிலேயே மிக உயர்ந்த விகிதமாயிற்று. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள் பாட்டிமாரிடம் சேர்ந்தனர். தாழ்நிலத்திலுள்ள புனித பிலிப்பு மறைபரப்பு நிலையத்தில் கப்ரினி சபைச் சகோதரிகள் நோயாளிகளையும் அநாதைப் பிள்ளைகளையும் பேணி வருகின்றனர். ஆஸ்பெஸ்டாஸ் தோண்டிய புலெம்பு என்னும் மலையூர் 2001இல் சுரங்கம் மூடப்பட்டதும் ஆளற்றுப் போயிற்று. சில ஆண்டுகளில் கிறிஸ்தவத் தொண்டர்கள் அதை வாங்கி அநாதைக் குழந்தைகளின் ஊராக்கினர். மருந்து பரவலாகக் கிடைத்ததாலும், மக்கள் அஞ்சாது பரிசோதனைக்கு வந்ததாலும் சாவு வெகுவாகக் குறைந்துள்ளது. ஐக்கிய நாடுகள் அமைப்பு வகுத்த சிகிச்சை இலக்கை 2020இலேயே எட்டிய முதல் நாடுகளுள் எஸ்வாத்தினியும் ஒன்று.

சிலிகோசிஸ் நோயாளரின் வழக்கு இன்னும் நீண்ட காலம் எடுத்தது. முன்னாள் தொழிலாளர்கள் தங்கச் சுரங்க நிறுவனங்களின் மேல் கூட்டாகத் தொடுத்த வழக்கில், 2019 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. தொகை ஏறத்தாழ ஐந்நூறு கோடி ராண்ட். 1965 மார்ச்சுக்குப் பின் அச்சுரங்கங்களில் வேலை செய்து நோயுற்றோர் அதில் பங்கு பெறலாம். தென்னாப்பிரிக்கர் மட்டுமன்றி லெசோத்தோ, மொசாம்பிக், எஸ்வாத்தினி போன்ற நாடுகளின் தொழிலாளரும் உரியவர். இறந்துவிட்டவரின் மனைவி மக்களும் கேட்கலாம். பணத்தைப் பங்கிட ட்சியாமிசோ என்னும் அறக்கட்டளை நிறுவப்பட்டு, அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் வரையறுக்கப்பட்டன. கேட்போர் சுரங்கத்தில் பணியாற்றியதற்கான பதிவைக் காட்ட வேண்டும். உயிரோடிருப்போர் மூச்சுப் பரிசோதனைக்கும் மார்பு எக்ஸ்ரேக்கும் வர வேண்டும். கைம்பெண்கள் திருமணச் சான்றும் இறப்புச் சான்றும் கொண்டுவர வேண்டும். மாடு கொடுத்து ஊரறிய மணம் முடித்து, எந்த அலுவலகத்திலும் பதியாமல் நாற்பது ஆண்டு வாழ்ந்த பெண்களுக்கு அச்சான்றைத் தேடுவதே பெரும்பாடு.